வேதாளையில் மோதிய தளபதிகள்

தூத்துக்குடித் தோணியில் தண்டல், அதாவது தோணித் தலைவன், வைத்ததுதான் சட்டம். சரக்குக்காரரே ஏறி வந்தாலும் பாயை எப்போது விரிப்பது, எப்போது சுருட்டுவது என்பது தண்டல் வாய்ச்சொல்தான். ஏறக்குறைய ஐம்பது படகுகள் போருக்குக் கிளம்பினால் அந்தச் சொல் யாருடையது?

1538-ல் கோழிக்கோட்டிலிருந்து குமரிமுனை சுற்றி, முத்துக்குளித்துறை வழியாக வந்த, கோழிக்கோட்டு மன்னர் சாமூத்திரியின் கடற்படையில் அது மூவருடையது: பட்டு மரைக்காயர், குஞ்ஞாலி மரைக்காயர், அலி இப்ராகிம் மரைக்காயர். அரசவைப் பிரபுக்கள் அல்லர். கடல் வணிகத்தில் ஊறியவர்கள். மிளகு வாணிபத்தைப் போர்த்துகீசியர் தங்கள் கைக்குள் வைக்க முயன்றதால் வாளெடுத்தவர்கள். இலங்கையில் கோட்டே அரசன் புவனேகபாகுவுக்குப் போர்த்துகீசியர் துணை; அவனை எதிர்த்த தம்பி மாயாதுன்னைக்கு உதவத்தான் இந்தப் பயணம்.

எதிர்ப்பக்கம் போர்த்துகீசியத் தளபதி மார்த்திம் அபோன்சோ தெ சோசா. பதவிப் பெயர் ‘கப்பித்தான் மோர்’. கவர்னருக்குக் கீழே, கடலில் மட்டும் முழு அதிகாரம். இங்கே வருமுன் 1532-ல் பிரேசிலில் சாவோ விசென்தே என்ற ஊரை நிறுவியவர்.

மன்னார் வளைகுடாவின் பார்களுக்கும் தீவுகளுக்கும் இடையே, பாம்பன் பக்கம் போகப் போக, ஆழம் குறைந்துகொண்டே வரும். பெரிய நாவாய் அங்கே தரை தட்டி நிற்கும். அதனால் மரைக்காயர்கள் நம்பியது துடுப்புப் படகுகளை. காற்று நின்றாலும் நகரும், கரைக்கு இழுத்து ஏற்றலாம். சோசாவும் அந்தப் பாடத்தைக் கற்றிருந்தார். அவர் கொண்டுவந்தவையும் துடுப்புப் போடும் சிறு கலங்களே.

கரையேற்றும் வசதியே வினையானது. மண்டபத்துக்கு அருகே வேதாளையில் படகுகளைக் கரைசேர்த்து முகாமிட்டிருந்தவர்கள்மீது சோசா பாய்ந்தார். நீரில் மிதக்காத கடற்படைக்குத் தளபதி எத்தனை பேர் இருந்தால் என்ன? படகுகளும் பீரங்கிகளும் எதிரி வசமாயின. மறு ஆண்டு, மாயாதுன்னையே தன்னிடமிருந்த மரைக்காயர் தலைவர்களைக் கொன்று போர்த்துகீசியரிடம் தலைகளை ஒப்படைத்தான். உதவி கேட்டவன் செய்த கைம்மாறு அது!

முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், வருமானம் கடலைக் காப்பவன் பக்கம்தான் சாயும். மரைக்காயர்கள் தோற்றதும், முத்துக்குளிக்கும் பரதவர் வாழ்ந்த கரையில் போர்த்துகீசியர் பிடி இறுகியது. அதே சோசா 1542-ல் கவர்னராகக் கோவாவில் வந்திறங்கியபோது, கூடவே வந்தவர் கத்தோலிக்க மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார். அந்த ஆண்டே சவேரியார் முத்துக்குளித்துறைக்குப் புறப்பட்டார்.