தட்டில் முளைக்கும் நரம்பணு: வயது குறித்து

வளர்ந்த மூளையில் நரம்பணு புதிதாய் முளைக்காது என்பது நெடுங்காலம் நரம்பியலின் வேதவாக்கு. 1962-ல் ஜோசப் ஆல்ட்மன் வளர்ந்த எலிகளிடம் அதற்கு மாறான தடயங்களைக் காட்டியபோது யாரும் பெரிதாகச் சட்டைபண்ணவில்லை. (சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த மௌனம் பழக்கமானதுதான்.) 1992-ல் ரெனால்ட்ஸ், வைஸ் இருவரும் வளர்ந்த சுண்டெலியின் மூளையணுக்களைப் பிரித்து, வளர்ச்சிக் காரணி சேர்த்து, ஆய்வுக்கூடத் தட்டில் நரம்பணுக்களை உண்டாக்கிக் காட்டினார்கள்.

எனக்கு இது வெறும் அறிவியல் சேதி அல்ல. நெய்வேலியில் எங்கள் வட்டத்திலேயே இருந்த சித்தப்பாவுக்கு நாற்பதைத் தாண்டி மனம் கலைந்தது. 'வம்சத்துலயே இருக்குடா, எங்க மாமனாரும் இப்படித்தான்' என்பாள் பாட்டி. 'அதெல்லாமில்ல, புள்ள செத்த துக்கம்' என்பாள் சித்தி. 'தன்னிலை' மொழியாலும் சமூகத்தாலும் கட்டப்படுவது என்று பக்கம் பக்கமாய் எழுதுகிற நான் சித்தி கட்சி.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இன்ஸ்டெமும் நிமான்ஸும் சேர்ந்து தொடங்கிய ஆய்வு, பாட்டியின் கேள்வியைத்தான் கேட்கிறது. ஒரே குடும்பத்தில் பலருக்குக் கடும் மனநோய் இருந்தால், நோயுற்றவர்கள், நோயற்றவர்கள் இரு சாராரின் ரத்தத்தையும் வாங்கி, அதன் அணுக்களைக் குருத்தணுக்களாக்கி, அவற்றிலிருந்து நரம்பணுக்களை வளர்த்து ஒப்பிடுகிறார்கள். ஷின்யா யாமனகா 2006-ல் சுண்டெலியிலும் 2007-ல் மனிதரிலும் காட்டிய வழி இது: நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் முதிர்ந்த அணு தன் தொழிலை மறந்து கரு நிலைக்குத் திரும்பிவிடும்.

சிக்கலும் அங்கேதான். எங்களூரில் நிலக்கரிக்காக மேல்மண்ணை முழுக்க வெட்டி எறிகிறார்களே, அந்த மாதிரி வயதின் தடங்களும் பெரும்பாலும் போய்விடுகின்றன. அறுபது வயதுக்காரரின் ரத்தத்திலிருந்து வந்தாலும் தட்டில் இருப்பது சிசுவின் நரம்பணு போன்றதே. பரம்பரை இருக்கிறது, பட்டது இல்லை.

கரு நிலைக்குப் போகாமல் தோல் அணுவை நேராக நரம்பணுவாக்கினால் வயதின் அடையாளங்கள் தங்குகின்றன என்று 2015-ல் மெர்டென்ஸ் குழுவினர் காட்டினார்கள். ஆனால் அப்படி மாறிய அணு பெருகாது. தவிர, அது தோலின் வயது. துக்கம் தோலுக்கா வந்தது?

மூளை அணுவேதான் வேண்டுமென்றால் வலிப்புக்கோ கட்டிக்கோ அறுவை செய்யும்போது எடுக்கப்படும் திசு உண்டு. மெல்லிய சீவல்களாக்கிச் சில வாரம் உயிரோடு வைத்திருக்கலாம். சித்தப்பா மாதிரியானவர்களின் மண்டையை அதற்காக யாரும் திறப்பதில்லை.