துளைச் சேற்றைத் தேற்றும் பொருட்கள்

கடம்பத்தூர், கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை, ஆரணி ஆறுகளின் படுகை நெடுக மணலும் களிமண்ணும் படிந்து கிடக்கின்றன. ஆழ்துளைக் கிணறு போட, பாறையைக் காற்றழுத்தத்தால் துளைக்கும் முறை இந்த இளகிய மணலுக்கு ஒத்துவராது, துளை சரிந்துவிடும். அதனால் களிமண் கரைத்த சேற்றைக் குழாய் வழியே செலுத்திக்கொண்டே துளைக்கிறார்கள். எண்ணெய்க் கிணறுகளிலும் அடிப்படை இதுதான். சேறு வெட்டுமுனையைக் குளிர்விக்கும். வெட்டிய தூளை மேலேற்றும். துளையின் சுவரில் பாலாடை போலப் படிந்து அதைத் தாங்கும்.

முதல் சரக்கு பெண்டோனைட். குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாகக் கிடைக்கும் இந்தக் களிமண் நீரை உறிஞ்சிப் பருக்கும். ஓடும்போது இளகி, பம்பு நின்றதும் கூழாக இறுகும். வெட்டிய தூள் அடியில் போய் விழாது. ஆனால் உவர்நீர் இதற்குப் பகை. மீஞ்சூர்ப் பக்கம்போல நிலத்தடியில் கடல்நீர் புகுந்த இடங்களில் பெண்டோனைட்டை முதலில் நல்ல நீரில் ஊறவைத்துக்கொள்வதே சரி. கடினநீரானால் சோடா சாம்பல் சுண்ணாம்புச் சத்தைப் பிரித்துவிடும். ஸ்டார்ச்சும் செல்லுலோஸிலிருந்து எடுக்கும் சி.எம்.சி.யும் சேற்றுநீர் மண்ணுக்குள் கசிவதைக் குறைக்கும். சாந்தன் பசை தூளைத் தாங்கும் வலுவைத் தரும்.

எண்ணெய்க் கிணற்றின் ஆழத்தில் எரிவாயு அழுத்தம் மிகுந்தால் சேற்றுக்கு எடை வேண்டும். அதற்குரியது பேரைட், தண்ணீரைப்போல நான்கு மடங்குக்குச் சற்று மேலான கனம் கொண்டது. உலகின் மிகப் பெரிய பேரைட் படிவுகளுள் ஒன்று ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் இருக்கிறது. கடம்பத்தூரைக் கடந்து போகும் சென்னை–மும்பை ரயில் பாதையிலுள்ள கோடூர்தான் அதற்குப் பக்கத்து ஊர்.

காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. துளைக்கும் கிணறுகள் களிப்பாறை அடுக்குகளையும் தாண்டிச் செல்கின்றன. நீர் பட்டால் பருத்து உதிரும் களிப்பாறையில் குழாய் சிக்கிக்கொள்ளலாம். இங்கே உதவுவது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் அயனி களிமண் தகடுகளின் இடுக்கில் கச்சிதமாகப் பொருந்தி, நீர் நுழைய இடம் கொடாது. வெடிப்புகள் சேற்றை விழுங்கினால் மைக்காத் துகளும் கொட்டை ஓட்டுத் தூளும் கலந்து அடைப்பார்கள். மிகவும் கெட்டியான சேற்றை இளக்க ஒருகாலத்தில் குரோமியம் கலந்த லிக்னோசல்ஃபோனேட் பரவலாகப் பயன்பட்டது. அதன் நச்சுத்தன்மையால் குரோமியம் இல்லாதவை அந்த இடத்துக்கு வந்துவிட்டன. இது வரவேற்க வேண்டிய மாற்றம்.

அளவு தப்பினால் நல்ல சரக்கும் கெடுக்கும். களத்தில் முதல் சோதனை மார்ஷ் புனல்: ஏறக்குறைய 946 மில்லிலிட்டர் தூய நீர் அதில் வடிய 26 நொடி ஆகும், சேற்றுக்கு எவ்வளவு கூடுகிறது என்பதிலிருந்து அதன் கெட்டித்தன்மை தெரியும்.

குடிநீர்க் கிணற்றில் துளைத்ததோடு வேலை முடிவதில்லை. சுவரில் ஒட்டிய பெண்டோனைட்டைக் கழுவி எடுக்காவிட்டால் ஊற்று அடைபடும். பெண்டோனைட்டுக்குப் பதிலாகச் சேர்க்கும், ராஜஸ்தானில் மிகுதியாக விளையும் கொத்தவரையின் பசை சில நாளில் தானே சிதையும். ஆனால் மிச்சமிருந்தால் கிருமிகளுக்கு இரையாகும். கிணற்றுக்கு உரியவர், துளைப்போர் உள்ளே என்ன கலக்கிறார்கள் என்று கேட்டறிந்து, தெளிந்த நீர் வரும்வரை இறைக்கச் சொல்ல வேண்டும்.