மன்சிப் பெட்டியின் முத்திரைகள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மன்சி நகரில், 1963 முதல் 1974 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நான்கு வேகப் பற்சக்கரப் பெட்டிகளை உருவாக்கியது. கமேரோ, செவெல், கார்வெட் முதலான பேராற்றல் மகிழுந்துகள் அவற்றைத் தாங்கி ஓடின. அலுமினிய உறைக்குள் அடங்கிய அப்பெட்டிகளில் எம்20, எம்21, எம்22 என மூவகை உண்டு. புறத்தோற்றம் கொண்டு வகையறிதல் அரிது. எனவே உறையின்மேல் பொறித்த எழுத்துகளை நாடுகிறோம்.

1969ஆம் ஆண்டு மாதிரியின் முத்திரை ஒன்று ‘பி9இ12ஏ’ என்றிருப்பதாகக் கொள்வோம். முதலெழுத்து மன்சி ஆலையைச் சுட்டும், 9 என்பது ஆண்டு, அடுத்த எழுத்து திங்கள், 12 நாள். இறுதியில் நிற்பது வகை. ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்து எம்20ஐயும், இரண்டாவது எம்21ஐயும், மூன்றாவது எம்22ஐயும் குறிக்கும். திங்களைப் படிக்கும்போதுதான் விழிப்பு வேண்டும். சனவரி முதல் மே வரை முதல் ஐந்து எழுத்துகளே முறையாக வரும். பின்னர் வரிசை தாவுகிறது: சூனுக்கு ‘எச்’, சூலைக்கு ‘கே’, ஆகசுட்டுக்கு ‘எம்’, செப்டம்பருக்கு ‘பி’, அக்டோபருக்கு ‘ஆர்’, நவம்பருக்கு ‘எஸ்’, திசம்பருக்கு ‘டி’. விரல்விட்டு எண்ணுவோர் சூனில் பிறந்த பெட்டியை ஆகசுட்டில் பிறந்ததாகக் கொள்வர். வண்டி இணைக்கப்பட்ட நாளுக்குப் பிந்திய பெட்டி அவ்வண்டியோடு பிறந்திருக்க இயலாது. ஆதலின் இப்பிழை சிறிதன்று.

வண்டியெண்ணின் சுருக்கமும் உறையில் உண்டு. 1969 கமேரோவில் அது ‘19என்’ எனத் தொடங்கினால், 1 செவ்ரோலே பிரிவையும், 9 ஆண்டையும், ‘என்’ ஒகையோவின் நார்வுட் ஆலையையும் உணர்த்தும். பின்வரும் ஆறிலக்கம் வண்டியின் வரிசையெண்.

ஆயினும் முத்திரையைத் தேய்த்துப் புதிதாய்ப் பொறிக்கலாம்; உறை ஒன்றாகவும் உள்ளுறுப்புகள் வேறாகவும் இருக்கலாம். பற்களின் எண்ணிக்கையை அவ்வாறு மாற்ற இயலாது. 1966க்குப் பிந்திய எம்20இல் முன்தண்டுச் சக்கரத்துக்கு 21 பற்கள், அதனோடு பொருந்தும் துணைத்தண்டுச் சக்கரத்துக்கு 25. முதல் வேகத்தின் அடுத்த இணையில் 17 பற்கள் 36 பற்களைச் சுழற்றும். 25ஐ 21ஆல் வகுத்து, 36ஐ 17ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் 2.52 என்னும் தகவு கிடைக்கும். எம்21இல் முன்னிணை 26, 27. ஆகவே தகவு 2.20. பெட்டியைப் பிரிக்காமலே இதைச் சோதிக்கலாம்: முதல் வேகத்தில் இட்டு, பின்தண்டு ஒரு சுற்று முடிக்கும்வரை முன்தண்டைக் கையால் சுழற்றுக. இரண்டரைச் சுற்றாயின் எம்20. இரண்டேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாயின் எம்21 அல்லது எம்22.

இவ்விரண்டின் தகவும் ஒன்றே என்பதால் கணக்கு இங்கே நின்றுவிடுகிறது. பக்கமூடியைத் திறந்து பற்களின் சாய்வைக் காண வேண்டும். எம்22இன் பற்கள் குறைந்த சாய்வுடையவை. அதனால் தண்டின் நீளவாக்கில் எழும் தள்ளுவிசை குறையும், பெட்டி பெருஞ்சுமையைத் தாங்கும். ஆனால் பற்கள் ஒன்றையொன்று பற்றும் மென்மை குன்றி இரைச்சல் மிகும். ‘பாறை நொறுக்கி’ என ஓட்டுநர் அதற்கிட்ட பெயர் அவ்விரைச்சலால் வந்ததே.