முந்நூற்றிநாலுக்கு ஒரு கை குறையுது

குளிர் தொடங்கினதும் எங்கட வீடுகளில ஒரு கேள்வி வந்து குந்திவிடும்: சனி, ஞாயிறு இந்தப் பிள்ளைகளை என்ன செய்யிறது? வெளியில மைனஸ் இருபது. டேப்லெட்டைக் கையில கொடுத்தால் வீடு அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அமைதி பெற்றோருக்கே பிடிக்கிறதில்லை. அதனால்தான் மொன்றியலில் எனக்குத் தெரிந்த பல தமிழ் வீடுகளில் இப்போது ஒரு அலுமாரித் தட்டு நிறைய போர்ட் கேம்ஸ் பெட்டிகள். கட்டான், கார்க்கசோன், அசூல் என்று ஒவ்வொன்றும் ஐம்பது, அறுபது டொலர்.

எங்கட வீட்டிலும் அப்படி ஒரு தட்டு இருக்கு. நல்ல விளையாட்டுகள்தான், நானும் விரும்பி விளையாடுகிறவள். ஆனால் அந்தப் பெட்டிகளை விரித்து நாங்கள் சுற்றி இருக்கும்போது, அதே வீட்டில் ஒருவர் மட்டும் சோஃபாவில் இருந்து யூடியூப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அப்பப்பா. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியும்தான்.

விளையாட்டுக்குப் பேர்போன ஊர்

நாங்கள் வாழும் ஊருக்கும் மேசை விளையாட்டுக்கும் நல்ல உறவு உண்டு. 'டிரிவியல் பர்சூட்' 1979 இல் இதே மொன்றியலில்தான் பிறந்தது. 'மொன்றியல் கசெட்' பத்திரிகையின் படப் பிரிவில் வேலை செய்த கிறிஸ் ஹேனியும், விளையாட்டுச் செய்தியாளர் ஸ்கொட் அபொட்டும் ஸ்கிராபிள் விளையாட உட்கார்ந்தபோது சில எழுத்துக் கட்டைகள் காணாமல் போயிருந்தன. 'நாங்களே ஒரு விளையாட்டைச் செய்தால் என்ன?' என்று தொடங்கினது அது. 2017 இல் வெளிவந்த அசூலை வெளியிட்டதும் கியூபெக் நிறுவனமான பிளான் பி கேம்ஸ்தான். அடுத்த ஆண்டே அதற்கு ஜெர்மனியின் 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' விருது கிடைத்தது. 2012 இலிருந்து சென்-டெனி வீதியில் றண்டோல்ஃப் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தால் விதிகளைச் சொல்லித்தரவே ஒருவர் மேசைக்கு வருவார்.

பள்ளிக்கூடத்திலும் 'ஜூ து சொசியெத்தே' என்று வகுப்புக்கு விளையாட்டுகள் வருகின்றன. ஆகவே எங்கட பிள்ளைகள் இந்த உலகத்துக்குள் போவது இயல்பு. அதைத் தடுக்கத் தேவையில்லை. அதன் பக்கத்தில் எங்கட மேசைக்கும் ஒரு இடம் வேணும் என்பதுதான் என்ர கவலை.

எங்கட பெட்டி இல்லாத விளையாட்டுகள்

எங்கட விளையாட்டுகளுக்குப் பெட்டி இல்லை. பெட்டியில் கண்டுபிடித்தவர் பெயரும் இல்லை. 1995 இல் வெளிவந்த கட்டானைக் கண்டுபிடித்தவர் கிளவுஸ் டொய்பர். பல் கட்டும் தொழில்நுட்பவியலாளராக இருந்தவர். தாயத்தை யார் கண்டுபிடித்தது? தெரியாது. ஒரு கரித்துண்டு, சிமெந்துத் தரை, ஆறு சோகி. விளையாட்டு தயார்.

பெயர் இல்லை என்பதற்காகச் சிந்தனை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துப் பாருங்கோ. ஒரு பக்கம் 3 புலி, மறுபக்கம் 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடு சூழ்ந்து அடைக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஆட்களும் வேறு, வெல்லும் வழியும் வேறு. 2018 இல் 'ரூட்' என்ற விளையாட்டு வந்தபோது, ஒவ்வொரு தரப்புக்கும் வேறு வேறு விதி இருக்கிறது என்று எல்லாரும் வியந்தார்கள். எங்கட பாட்டன்மார் அதைத் தரையில் கோடு கீறி விளையாடினவை.

தாயத்திலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கு. கட்டான் விளையாடும் பிள்ளைக்குத் தெரியும்: இரண்டு தாயக்கட்டையை உருட்டினால் 36 வழிகளில் 6 வழி ஏழு விழும், அதனால் ஏழுதான் அடிக்கடி வரும். ஆறு சோகியைக் குலுக்கிப் போட்டால் மொத்தம் 64 வழிகள். இரண்டு பக்கமும் சமமாக விழுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று மலர்வதற்கு 20 வழி, ஒன்று மட்டும் மலர்ந்து தாயம் விழுவதற்கு 6 வழிதான். 'ஒரு தாயம் விழுகுதில்லையே' என்று அம்மம்மா ஏன் தலையில் அடித்தாள் என்று இப்போது விளங்குகிறதா? என்ர மகன் இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அம்மம்மாவிடம் போய் விளக்கம் சொன்னான். அவ சிரித்துவிட்டு, "அது தெரிஞ்சுதானே காய் நகர்த்துறது" என்றா.

ஜாம் போத்தல் விளக்கில் ஓடின ஆட்டம்

ஆனால் எங்கட ஊர் விளையாட்டுகளுக்குள் ஒரு ராசா இருக்குமென்றால் அது முந்நூற்றிநாலுதான். ரூட், அசூல் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் மூளைக்கு இவ்வளவு வேலை தருகிற விளையாட்டு குறைவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு பேர், எதிரெதிரே இருக்கிறவர்கள் கூட்டு. ஏழிலிருந்து ஆசு வரை 32 காட்ஸ். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. பெயர் வந்த கதை அதுதான். முதலில் நாலு நாலு காட்ஸ் போட்டதும் கேள்வி தொடங்கும்: நூற்றறுபது, நூற்றெழுபது என்று ஏறும். கூடக் கேட்டவர் தன் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். பிறகுதான் மிச்ச நாலு காட்ஸ் கைக்கு வரும்.

அழகு இங்கேதான் இருக்கு. அந்தத் துரும்பு என்ன என்று எதிராளிகளுக்குத் தெரியாது. சொந்தக் கூட்டாளிக்கும் தெரியாது. கேட்ட இனம் கையில் இல்லாதவர் தன் காட்டைக் கவிழ்த்துப் போடுவார். துரும்பு வைத்தவர் மட்டும் அதைத் திருப்பிப் பார்த்து வெட்டு விழுந்ததா இல்லையா என்று சொல்வார். கூட்டாளியோடு பேசக் கூடாது, சாடை காட்டக் கூடாது. அவர் போடுகிற காட்டை வைத்தே அவர் மனதை வாசிக்க வேணும். 2019 இல் வந்த 'த குரூ' என்ற ஜெர்மன் சீட்டு விளையாட்டு, பேசாமல் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு பிடி எடுக்க வைக்கும். அது அடுத்த ஆண்டு பரிசும் வாங்கினது. அதை முதன்முதலில் விளையாடினபோது என்ர கணவர் சொன்னார்: "இது எங்கட அப்பாவையளின்ர விளையாட்டு மாதிரியெல்லோ இருக்கு."

இன்னொரு விசயம். எங்கட பெரியவர்கள் காட்ஸின் இனங்களுக்கு ஸ்கோப்பன், கலாவரை, உருவித்தன், ஆட்டின் என்று பெயர் சொல்லுவினம். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795 வரை ஆண்டார்கள். அவர்களுடைய 'ஸ்கோப்பன்', 'கிளாவெரன்' எங்கட வாயில் அப்படியே நின்றுவிட்டது. ஜாக்கும் ஒன்பதும் துரும்பில் தலையாக நிற்கும் விளையாட்டுகள் ஐரோப்பாவிலும் உண்டு: ஒல்லாந்தில் கிளாவெர்யாஸ், சுவிஸில் யாஸ், பிரான்சில் பெலோட். பெலோட்டுக்கும் 32 காட்ஸ்தான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரான்சிலிருந்து வந்த சிநேகிதர்கள் உள்ள பிள்ளைக்கு, 'உங்கட பெலோட்டும் எங்கட முந்நூற்றிநாலும் சொந்தக்காரர்' என்று சொல்வதற்கு ஒரு நல்ல கதை கையில் இருக்கு.

ஊரில் இதற்கு நேரம் காலம் இல்லை. கலியாண வீட்டில் முதல்நாள் இரவு, செத்த வீட்டில் ஆட்கள் விழித்திருக்கிற இரவு, தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சம். இங்கே கலியாணம் மண்டபத்தில் நடந்து நள்ளிரவோடு முடிகிறது. செத்த வீட்டுக்கும் வந்து போகும் நேரம் அச்சடித்து வருகிறது. இரவிரவாக ஆட்கள் சேர்ந்திருக்கும் இடங்கள் போனதால், அந்த இடங்களில் வளர்ந்த விளையாட்டும் ஒதுங்கிப்போனது.

எது எங்கே நல்லது

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. காட்ஸ் மேசையில் காசு வைத்து விளையாடிக் குடும்பத்தில் பிரச்சினை வந்த கதைகள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளை 'தேத்தண்ணி கொண்டு வா' என்று அனுப்பிவிட்டு ஆண்கள் மட்டும் விளையாடின மேசை அது. பிழையான காட்டைப் போட்டால் கூட்டாளி கத்துகிற கத்தில் பக்கத்து வீடே எழும்பும்.

புதிய விளையாட்டுகள் இதையெல்லாம் யோசித்துச் செய்தவை. எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். கட்டானிலும் கார்க்கசோனிலும் யாரும் நடுவில் வெளியேறுவதில்லை. 'பாண்டமிக்' போன்றவற்றில் எல்லாரும் ஒரே பக்கம். தோற்றாலும் சேர்ந்தே தோற்கலாம். தாயத்தில் பழம் பழுக்கப் போகும் காயை அண்ணன் வெட்டிவிட்டால் தங்கச்சி அழுகிற அழுகையை நினைத்தால் இது பெரிய நிம்மதிதான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நான் கனகாலம் கவனித்து வருகிறேன். புதிய விளையாட்டில் வாத்தியார் விதிப் புத்தகம். அது பிரெஞ்சில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். வாசிக்கிறது பிள்ளை, விளக்கம் கேட்கிறது பெரியவர். இந்த நாட்டில் எங்கட பெரியவர்களுக்கு நாள் முழுக்க இதுதான் நடக்கிறது. கிளினிக்கில் பேரப்பிள்ளை மொழிபெயர்க்கும். வங்கிக் கடிதத்தைப் பேரப்பிள்ளை வாசிக்கும். 1977 இன் 101ஆம் சட்டத்துக்குப் பிறகு எங்கட பிள்ளைகள் பிரெஞ்சில் படிக்கினம், தங்களுக்குள் ஆங்கிலம் கலந்து கதைக்கினம். அப்பப்பாவோடு பேசும் தமிழ் 'சாப்பிட்டீங்களா', 'ஓம்', 'இல்லை' என்று மூன்று சொல்லுக்குள் சுருங்கிப்போகிறது.

முந்நூற்றிநாலு மேசையில் மட்டும் அது தலைகீழாகிறது. அங்கே விதிப் புத்தகம் அப்பப்பாதான்.

நாலாவது ஆள்

என்ர மாமாவுக்கு, கணவரின் அப்பாவுக்கு, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை இருந்தது. நாலு பேர். ஒருவர் மகளோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். இன்னொருவர் இப்போது முதியோர் இல்லத்தில். இரண்டு பேரை வைத்து முந்நூற்றிநாலு விளையாட முடியாது. அது ஒரு நாளில் நின்ற ஆட்டம் இல்லை. ஆள் குறையக் குறைய மெல்ல நின்றது. அதற்குப் பிறகுதான் யூடியூப்.

போன மாரியில் நானும் கணவரும் உட்கார்ந்தோம். இன்னும் ஒரு கை குறைந்தது. பன்னிரண்டு வயது மகளைக் கூப்பிட்டோம். முதல் கேள்வி அவளுடையது: "ஏன் இந்தப் பக்கத்தாலே போகுது?" முந்நூற்றிநாலு வலப்பக்கமாகச் சுற்றும், கட்டானுக்கு எதிர்த் திசை. மாமா சொன்னார்: "இது எங்கட பக்கம், பிள்ளை."

முதல் மூன்று வாரம் தொண்ணூறு என்ற சொல்லே அவளுக்குச் சண்டை. பிரெஞ்சில் 'நாலு இருபதும் பத்தும்' என்று தொண்ணூறைச் சொல்லிப் பழகின பிள்ளை, 'நூற்றித் தொண்ணூறு' என்று கேட்பதற்கு விரல் மடக்கினாள். இப்போது கேள்வி முழுக்கத் தமிழில். போன மாதம் இருநூற்றிருபது கேட்டு, ஸ்கோப்பன் ஜாக்கைக் கடைசி வரை ஒளித்து வைத்து எங்களைத் தோற்கடித்தாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிடியை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துவிட்டு, ஊரில் தன் தகப்பனோடு கூட்டுச் சேர்ந்து விளையாடின ஒரு ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் ஒருவரும் அதுவரை கேட்டிராத கதை. கணவரும் கேட்டதில்லை.

தொடங்குவது எப்படி

உங்கட வீட்டிலும் முயற்சி செய்ய விரும்பினால், எங்களுக்குச் சரிவந்த சில வழிகள்:

• பிள்ளைக்கு ஏற்கனவே பிடித்ததில் இருந்து போங்கோ. அசூல் பிடித்த பிள்ளைக்குப் பல்லாங்குழி பிடிக்கும். இரண்டிலும் அடுத்தவருக்கு எதை விட்டுவைக்கிறோம் என்று எண்ண வேணும். ரூட் பிடித்தால் ஆடுபுலி. த குரூ பிடித்தால் நேரே முந்நூற்றிநாலு.

• முதல் சில ஆட்டங்களில் கேள்வியும் வேண்டாம், ஒளித்த துரும்பும் வேண்டாம். துரும்பைத் திறந்து வைத்து விளையாடுங்கோ. புள்ளிகள் மனதில் நின்ற பிறகு மற்றதைச் சேர்க்கலாம்.

• பிள்ளையைப் பெரியவருக்கு எதிராளியாக இருத்த வேண்டாம், எதிரே கூட்டாளியாக இருத்துங்கோ.

• ஆட்டம் முடியும் வரை கூட்டாளியைப் பேசக் கூடாது. இது பெரியவர்களுக்கான விதி. எங்கட வீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

• விதிகள் வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறும். இணையத்தில் தேடிச் சரி பிழை பார்க்காமல், உங்கட வீட்டுப் பெரியவர் சொல்கிறதையே விதியாக வையுங்கோ. அந்த ஒரு இடத்திலாவது கடைசிச் சொல் அவருடையதாக இருக்கட்டும்.

• ஆறு ஆட்டம் என்று முதலே சொல்லி நிறுத்துங்கோ. 'இன்னும் ஒண்டு' என்று பிள்ளை கேட்கும்போது நிறுத்துவதுதான் அடுத்த கிழமைக்கு நல்லது.

கட்டானை அலுமாரியிலிருந்து எடுத்து வீச வேண்டியதில்லை. சனிக்கிழமை அது, ஞாயிற்றுக்கிழமை இது. செலவும் பெரிதாக இல்லை: சாதாரணக் காட்ஸ் கட்டு ஒன்று வாங்கி, இரண்டிலிருந்து ஆறு வரை உள்ள இருபது காட்டையும் எடுத்துவிடுங்கோ. மிச்சம் முப்பத்திரண்டு. பிறகு சோஃபாவில் இருக்கிறவரைப் பார்த்து, "ஒரு கை குறையுது, வாறீங்களோ?" என்று கேளுங்கோ.