சாவி ஏன் பூட்டுக்குள் சிக்குகிறது?

பீரோ லாக்கரில் சாவி பாதி சுற்றி நின்றுவிட்டால், கை தானாக இன்னும் முறுக்கப் பார்க்கும். தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள்.

பூட்டுக்குள் லீவர் எனப்படும் மெல்லிய தகடுகள் அடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு வில் கீழே அழுத்திப் பிடித்திருக்கும். சாவியின் பற்கள் எல்லாத் தகடுகளையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒன்று தாழ்ந்தாலும் நகராது, கூடுதலாக எழும்பினாலும் நகராது. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

பல் தேய்ந்த சாவி போதிய உயரம் தூக்காது. தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்கு வழுக்கும். பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகித் தகடுகளை ஒட்டவைக்கும். துணி பிதுங்கும் அளவுக்கு அடைத்த பீரோவில் கதவே தாழை நெருக்கும். அப்போது கதவை உள்நோக்கி அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்பினால் போதும்.

சாவியின் தலை அகலம், தண்டு ஒல்லி. விரல் கொடுக்கும் முறுக்கு முழுவதும் பல் தொடங்கும் இடுக்கில் போய்க் குவிகிறது. அங்கே முடி போன்ற விரிசல் இருந்தால் பித்தளை அதிலேயே முறியும்.

முறிந்த துண்டு நுழைந்த நிலைக்கே திரும்பினால்தான் வெளியே வரும். பல் நுழைய அங்கு மட்டுமே வழி உண்டு. உடனடிப் பசை தொட்டு இழுக்க வேண்டாம், அது தகடுகளிலும் பரவிவிடும். கொஞ்சம் கிராஃபைட் தூள் தூவிவிட்டு, பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.