கேள்வி கேட்கும் விற்பனையாளர்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில், பாந்தலாவில், தோல் தொழில் வளாகம் ஒன்று உள்ளது. டாங்ரா, டாப்சியா, தில்ஜலா பகுதிகளில் நெருங்கிக் கிடந்த பதனிடும் ஆலைகளை அங்கிருந்து அகற்ற வேண்டுமென 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதன் பயனாக அவை இங்கு வந்து சேர்ந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வாசகர்களுக்கு இத்தொழிலை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வளாகத்தை ஒட்டியே, 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. நகரின் கழிவுநீரைக் கொண்டே அங்கு மீன் வளர்க்கிறார்கள். அம்மீன் நகரச் சந்தைக்கே திரும்புகிறது. பட்டறையில் கவிழும் பீப்பாய் அப்பட்டறையின் கவலை மட்டுமே என்று இவ்வூரில் எவரும் சொல்லிவிட இயலாது.

ஆயினும், சிந்தியதை அள்ளுவதற்குப் பல பட்டறைகளில் இன்றும் இருப்பது ஒரு மூட்டை மரத்தூள்தான். எண்ணெய்க்கு அது ஓரளவு உதவும். நைட்ரிக் அமிலத்தின் மீதோ, செறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடின் மீதோ தூவினால் அதுவே தீப்பற்றக்கூடும். பதனிடும் ஆலையில் முடி நீக்கும் சோடியம் சல்பைடும், அடுத்த கட்டத்திற்கான கந்தக அமிலமும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. இவ்விரண்டும் கலந்தால் எழுவது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு. முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வரும். வாயு அடர்ந்தபின் மூக்கு அதை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். அமிலம் துடைத்த விரிப்பையும் சல்பைடு துடைத்த விரிப்பையும் ஒரே தொட்டியில் எறிவதுகூட ஆபத்தே.

எனவே, உறிஞ்சு விரிப்புகளும் தடுப்பு உருளைகளும் விற்க வருபவர் விலைப்பட்டியலை நீட்டுமுன் உங்களிடம் என்னென்ன திரவங்கள் உள்ளன என்று கேட்கிறாரா என்பதையே நாம் முதலில் கவனிப்போம். அவற்றின் பாதுகாப்புத் தரவுத் தாள்களை அவர் கேட்டு வாங்க வேண்டும். 16 பிரிவுகள் கொண்ட அத்தாளில் 6-ஆம் பிரிவு தற்செயல் கசிவைப் பற்றியது. அப்பிரிவை வாசிக்காமலேயே பொருளைப் பரிந்துரைப்பவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பொதுவாக வெள்ளை விரிப்பு எண்ணெய்க்கு, மஞ்சள் இரசாயனங்களுக்கு, சாம்பல் நிறம் பொதுப் பயனுக்கு. இது வணிக வழக்கமேயன்றிச் சட்டமன்று. ஆகவே நிறத்தை நம்பாமல் கேட்டறிக. கொல்கத்தாவில் மழைக்காலத்தில் கிடங்கினுள் தண்ணீர் புகுவது புதிதன்று. அந்நீரின் மேல் எண்ணெய் மிதக்கும்போது சாம்பல் விரிப்பு தண்ணீரையும் சேர்த்துக் குடித்து நிறைந்துவிடும். நீரை விலக்கும் வெள்ளை விரிப்போ மிதந்தபடி எண்ணெயை மட்டும் ஏற்கும். வங்கத்தில் எளிதில் கிடைக்கும் சணல் கழிவும் எண்ணெயை உறிஞ்சும். ஆனால் ஈரத்தையும் உறிஞ்சும்.

மாதிரி கேளுங்கள். உங்கள் திரவத்தையே ஒரு தட்டில் அளந்து ஊற்றி, உரிய கையுறையுடன், விற்பனையாளர் முன்னிலையிலேயே சோதியுங்கள். விலையை உறிஞ்சும் லிட்டரைக் கொண்டு ஒப்பிடுங்கள். 25 ரூபாய் விரிப்பு அரை லிட்டரும், 40 ரூபாய் விரிப்பு ஒரு லிட்டரும் ஏற்குமானால் பின்னதே மலிவு. களிமண் துகள் வாங்கும்போது மலிவுதான். ஆனால் எடை மிகும், அகற்றும் கட்டணமோ எடைக்கேற்ப வரும். உங்கள் பெரிய கலன் 200 லிட்டர் பீப்பாய் என்றால், 50 லிட்டர் என்று அச்சிட்ட பெட்டி ஒன்று போதாது.

இருப்பு எங்கே என்பதும் கேட்கவேண்டியதே. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, தொண்டர்கள் அதை வாளிகளால் அள்ளியதை நாம் பார்த்தோம். கொல்கத்தாக் கடைக்காரருடைய சரக்கு மும்பையில் இருக்குமானால், முதல் கசிவுக்குப்பின் உங்கள் பெட்டி எத்தனை நாள் காலியாகக் கிடக்கும்? அதை எழுத்தில் பெறுங்கள்.

உறிஞ்சியது மறைந்துபோவதில்லை. அபாயகரமான திரவத்தில் ஊறிய விரிப்பு 2016-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் வரும் கழிவு. பொதுவாக 90 நாட்களுக்கு மேல் அதை வளாகத்தில் வைத்திருக்க இயலாது. மேற்கு வங்கத்தில் அதற்கான பொது நிலையம் ஹால்டியாவிலும், தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியிலும் உள்ளன. அவ்வழியை விளக்கத் தெரியாத விற்பனையாளர் பாதி வேலையையே செய்கிறார்.

எதற்கும் ஓர் எல்லை உண்டு. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, அருகில் உறங்கிய தொழிலாளர் உட்படப் 10 பேர் உயிரிழந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அத்தகைய பெருக்கை எந்த விரிப்பும் தடுக்காது. நேர்மையான விற்பனையாளர் உங்கள் கலன்களைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரையும் பார்ப்பார். மிகப் பெரிய கலனின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்குவதாக அது இருக்கவேண்டும் என்பது பரவலான நடைமுறை. உங்கள் சுவர் அதைத் தாங்காதெனில், விரிப்புகளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் கொத்தனாருக்குக் கொடுங்கள் என்று அவரே சொல்லக்கூடும்.