பேருந்தில் சென்று கடலோரம் நடக்கலாம்: அந்த உரிமை எங்கிருந்து வருகிறது?

புதுதில்லி: தலைநகர் தில்லிக்குக் கடல் இல்லை. ஆயினும், நாட்டின் கடற்கரையில் எவர் கட்டடம் எழுப்பலாம், பொதுமக்கள் எவ்வழியே கரையை அடையலாம் என்பன குறித்த விதிகள் தில்லியில்தான் வகுக்கப்படுகின்றன. பேருந்தில் சென்று இறங்கிக் கடலோரமாகச் சில கிலோமீட்டர் நடந்துவிட்டுத் திரும்ப விரும்பும் எளிய குடிமகனுக்கும் அந்த விதிகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அது குறித்து ஒரு பார்வை:

பேருந்து ஏன் முக்கியம்?

மலைப்பாதை பெரும்பாலும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும். கடலோரப் பாதை அவ்வாறன்று. அது ஒரு நேர்க்கோடு. காரில் செல்பவர் வண்டியை நிறுத்திய இடத்திற்கே மீண்டும் நடந்தாக வேண்டும். பேருந்தில் செல்பவரோ ஓர் ஊரில் இறங்கி, வேறோர் ஊரில் ஏறிவிடலாம். நடக்கும் தொலைவு முழுவதும் புதிய கரையாக இருக்கும்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2012-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட கடலோர நடைபாதை சுமார் 1,400 கி.மீ. நீளமுடையது. அதன் ஒரு பகுதியான பெம்புரோக்‌ஷயரில், நடப்போர் பாதுகாப்பான எந்த இடத்திலும் கைகாட்டி ஏறிக்கொள்ளும் வகையில் கடலோரப் பேருந்துகள் இயக்கப்படுகின்றன. தென்கொரியாவின் ஜேஜு தீவில் 2007-இல் தொடங்கிய 'ஒல்லே' நடைபாதைகளையும் உள்ளூர்ப் பேருந்திலேயே சென்று அடையலாம்.

தமிழகத்தில் இத்தகைய தொடர் நடைபாதை இல்லை. ஆனால், அதற்குத் தேவையானவற்றுள் பெரும்பகுதி ஏற்கெனவே உள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுந்தொலைவுக்குக் கடலை ஒட்டியே செல்கிறது. அதில் பேருந்துகளும் ஓடுகின்றன. மத்திய அரசின் அண்மைய மறு அளவீட்டின்படி, தமிழகக் கடற்கரையின் நீளம் 906.9 கி.மீ.யிலிருந்து 1,068.69 கி.மீ.யாக உயர்ந்துள்ளது. நிலம் கூடியதால் அன்று, வளைவு நெளிவுகள் முன்னைவிட நுட்பமாக அளக்கப்பட்டதால் ஏற்பட்ட உயர்வு இது.

மூன்று வழிகள்

நீலாங்கரை - பெசன்ட் நகர்: சென்னையில் சுமார் 7 கி.மீ. தொலைவு. மணலில் நடக்க இரண்டரை மணி நேரம் வரை ஆகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் நீலாங்கரையில் இறங்கி, கடலை வலப்புறம் வைத்து வடக்கே நடந்தால், பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகரை அடையலாம். அங்கு மாநகரப் பேருந்து முனையம் உள்ளது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் ஜனவரி தொடங்கி இரவுதோறும் இக்கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாத்து வருகின்றனர். அக்காலத்தில் விளக்கொளியும் குப்பையும் ஆமைகளுக்குக் கேடு விளைவிக்கும் என்பதை நடப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

சாளுவன்குப்பம் - மாமல்லபுரம்: சுமார் 5 கி.மீ. மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் புலிக்குகை அருகே இறங்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் வெளிப்பட்ட தடயங்களைத் தொடர்ந்து இந்தியத் தொல்லியல் துறை 2005-இல் அகழாய்ந்து கண்ட பழமையான முருகன் கோயிலும் இங்கு உள்ளது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால், 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்ட மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயில் தொலைவிலேயே தென்படத் தொடங்கும்.

தனுஷ்கோடி - அரிச்சல்முனை: சுமார் 5 கி.மீ. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு இராமேசுவரத்திலிருந்து பேருந்து வசதி உண்டு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான 9.5 கி.மீ. சாலை 2017 ஜூலையில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன்பு மணலில் செல்லும் வாகனங்களையோ கால்களையோதான் நம்ப வேண்டியிருந்தது. ஒருபுறம் உள்ளூர் மக்கள் பெண் கடல் என்றழைக்கும் பாக் நீரிணை. மறுபுறம் ஆண் கடல் என்றழைக்கும் மன்னார் வளைகுடா. நீரோட்டம் வலுவானது என்பதால் இங்குக் கடலில் இறங்குவது ஆபத்து. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றங்கரையில் தனியார் விடுதி ஒன்று தொடர்பான வழக்கில் (எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத்), உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் முக்கியத் தீர்ப்பை வழங்கியது. கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அன்று, அறங்காவலர் மட்டுமே. அவற்றின் பயனாளிகள் பொதுமக்கள் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆற்றங்கரை வழக்கில் கூறப்பட்ட இக்கோட்பாடு கடற்கரைக்கும் அடித்தளமாக அமைந்தது.

இதற்கு முன்னரே, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1991 பிப்ரவரியில் முதலாவது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டிருந்தது. பொதுமக்கள் கரையை அடைய ஏதுவாக, இரு கடற்கரை விடுதிகளுக்கு இடையே குறைந்தது 20 மீட்டர் அகல இடைவெளி விடப்பட வேண்டும் என்று அதில் நிபந்தனை உள்ளது. தனியார் இடங்களைச் சுற்றி அமைக்கப்படும் வேலி, கரைக்குச் செல்லும் வழியை எவ்வகையிலும் தடுக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. இந்த அறிவிக்கைக்கு மாற்றாக 2011-இலும், பின்னர் 2019 ஜனவரியிலும் புதிய அறிவிக்கைகள் வெளியாயின.

2019 அறிவிக்கை, மக்கள்தொகை அடர்த்தி மிகுந்த ஊரகக் கடலோரங்களில் கட்டடம் எழுப்பத் தடை செய்யப்பட்ட பகுதியின் அகலத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அதாவது, கட்டடங்கள் கரையை முன்னைவிட நெருங்கி வர வழி ஏற்பட்டது. அதே அறிவிக்கை, கடற்கரையில் தற்காலிகக் கழிப்பறை, குடிநீர் வசதி, நடைபாதை, இருக்கை போன்றவற்றை அமைக்கவும் இடமளிக்கிறது. நடப்போருக்கு முதலாவது கவலை தரும் மாற்றம். இரண்டாவது பயன் தரக்கூடியது.

சிக்கல் எங்கே?

கரை பொதுவானது, பேருந்தும் பொதுவானது. ஆனால், பேருந்து நிறுத்தத்திற்கும் மணலுக்கும் இடையிலுள்ள சில நூறு மீட்டர் நிலம் பல இடங்களில் தனியார் வசம் உள்ளது. அந்த இடைவெளியில் ஒரு சந்து அடைபட்டால், அடுத்த வழியைத் தேடி நெடுந்தொலைவு நடக்க நேரிடும். விடுதியில் அறை எடுத்தவருக்கு இது சிக்கலாகத் தோன்றாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் 2021 முதல் கட்டணமின்றிப் பயணம் செய்யும் மாநிலத்தில், கடற்கரை வரை இலவசமாக வந்து சேரும் பெண்ணுக்குக் கடைசி 300 மீட்டரில் வழி இல்லையெனில், அந்தப் பயணத்தின் பயன் குறைந்துபோகிறது.

இரண்டாவது சிக்கல் கடலரிப்பு. 1990 முதல் 2018 வரையிலான மாற்றங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், நாட்டின் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகத் தெரிவித்தது. தமிழகத்தில் இது 42.7 சதவீதம். நிலத்தின் பக்கம் சுவர்களும் கடலின் பக்கம் அரிப்பும் நெருங்கும்போது, நடுவே நடப்பதற்கான மணற்பரப்பு சுருங்குகிறது.

மூன்றாவதாக, கரை என்பது மீனவர்களின் பணியிடம். படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் மீன் தரம் பிரிக்கவும் அவர்களுக்கு அந்த மணல் தேவை. நடைபாதை என்ற பெயரில் அவர்கள் அகற்றப்பட்டால், பொது உரிமை என்ற சொல்லே பொருளிழந்துவிடும். வலையை மிதிக்காமல் சுற்றிச் செல்வதும், படம் எடுக்குமுன் கேட்பதும் நடப்போர் காக்க வேண்டிய நெறிகள்.

புறப்படும் முன்

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலைப் பொழுதுகள் ஏற்றவை. காற்றே இல்லாத நாளிலும் திடீரெனப் பேரலை எழும் 'கள்ளக்கடல்' நிகழ்வு குறித்து ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அத்தகைய எச்சரிக்கை நடைமுறையில் இருந்த 2024 மே மாதத்தில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். எச்சரிக்கை உள்ள நாளில் கரையோரம் நடப்பதையே தவிர்க்க வேண்டும். குடிநீர், தொப்பி, திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரம் ஆகிய மூன்றும் கைவசம் இருப்பது நல்லது.

புதிய பாதை அமைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. கரைக்குச் செல்லும் பொதுவழிகள் எவை என்று உள்ளாட்சி அமைப்புகள் பட்டியலிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பெயர்ப்பலகை வைத்தாலே போதும். எந்த வழி பொதுவழி என்பது எழுத்தில் இருந்தால், அதை அடைப்பது எளிதன்று.